யாரும் எடுக்காத காசு எங்கே போகிறது?



சென்ற விடுமுறையில் எங்கள் ஆசிரியர் குழு சுற்றுலா போய் ஒரு ஹோட்டலில் தங்கியது. அறை எடுக்கும்போது எங்களில் ஒருவரின் டெபிட் கார்டை வாங்கி இயந்திரத்தில் போட்டார்கள். புறப்படும்போது எல்லோரும் சேர்த்துக் காசாகவே கணக்கை முடித்தோம். ஊர் வந்து உம்மாவுக்கு மருந்து வாங்க ஏ.டி.எம். போனவருக்குக் காசு வரவில்லை. 30,000 ரூபா பிடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹோட்டலில் கேட்டால் "நாங்கள் எடுக்கவில்லை" என்றார்கள். வங்கியில் கேட்டால் "நாங்களும் எடுக்கவில்லை" என்றார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அது எப்படி என்று விளங்க, கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

ஊர்க் கடையில் கடன் கொப்பி இருக்கும். முதலாளிக்கு நம்மைத் தெரியும், நம் வாப்பாவையும் தெரியும். அதுதான் உத்தரவாதம். முகம் தெரியாதவருக்கு எப்படிக் கடன் கொடுப்பது? 1950இல் நியூயோர்க்கில் பிராங்க் மக்னமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப் அதற்கு ஒரு வழி செய்தது. அட்டையைக் காட்டிச் சாப்பிடலாம். உணவகத்துக்குக் கிளப் கொடுக்கும், பிறகு நம்மிடம் வாங்கிக்கொள்ளும்.

1958 செப்டெம்பரில் பேங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 அட்டைகளை, யாரும் கேட்காமலேயே, தபாலில் அனுப்பியது. இன்றைய வீசாவின் தொடக்கம் அதுதான். மோசடியும் வராக்கடனும் பெருகி, ஆரம்ப வருடங்களில் வங்கிக்குப் பெரும் நட்டம்.

அந்தக் காலத்தில் கடைக்காரருக்கு ஓர் எல்லை வைத்திருந்தார்கள். அதற்குக் குறைந்த தொகைக்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. களவு போன அட்டைகளின் அச்சிட்ட பட்டியலைப் பார்த்தால் போதும். எல்லை தாண்டினால் வங்கிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அட்டை வேறு மாநில வங்கியுடையது என்றால், இந்த வங்கி அந்த வங்கியைக் கூப்பிடும். அதுவரை வாடிக்கையாளர் கவுண்டரில் நின்றுகொண்டிருப்பார். மோசடிக்காரர்களோ எல்லைக்குச் சற்றுக் கீழேயே வாங்கிக்கொண்டு போனார்கள்.

1973இல் டீ ஹொக் தலைமையிலான நிறுவனம் கணினி வழி அனுமதி முறையைக் கொண்டுவந்தது. பல நிமிடம் எடுத்த வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. அனுமதி என்பது கொடுப்பனவு அல்ல. "இவரிடம் இவ்வளவு இருக்கிறது, தரலாம்" என்ற வாக்கு மட்டுமே. கடைக்காரர் இறுதிக் கணக்கை அனுப்பிய பிறகுதான் காசு நகரும். இடைப்பட்ட நேரத்தில் அதே காசை வேறிடத்தில் செலவழித்துவிட்டால்? அதனால்தான் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. காசு நம் கணக்கிலேயே இருக்கும், ஆனால் நாம் தொட முடியாது.

கடன் அட்டைக் காலத்தில் இது பெரிய சுமையாக இருக்கவில்லை. குறைந்தது கடன் எல்லை மட்டும்தான். டெபிட் கார்ட் பரவியபோது, ஒதுக்கப்படுவது நம் சொந்தச் சம்பளமாயிற்று. ஹோட்டல், வாடகைக் கார் போன்ற இடங்களில் இறுதித் தொகை முன்கூட்டியே தெரியாது. அதனால் கூட்டியே ஒதுக்குவார்கள். அமெரிக்காவில் தானே பெற்றோல் அடிக்கும் பம்புகளுக்கான உச்ச ஒதுக்கம் 2022இல் 125 டொலரிலிருந்து 175 டொலராக உயர்ந்தது. 20 டொலருக்கு அடித்தவரின் 175 டொலரும் சில நேரம் முடங்கலாம். கையில் உள்ளவருக்கு அது ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் இருப்பவருக்கு அது வீட்டுச் செலவு.

வியாபாரியின் பக்கமும் நியாயம் உண்டு. ஒதுக்கிய காசு அவர் கைக்கு வரவில்லை. ஒதுக்கம் இல்லாவிட்டால், அறையில் தங்கியவர் கொடுக்காமல் போனால் நட்டம் அவருக்கு. காலம் கடந்து கணக்கை அனுப்பினால் அந்த வாக்கும் செல்லாமல் போகலாம். ஏச்சு வாங்குவதும் அவரே. ஆனால் வேறு வழியில் கணக்கு முடிந்ததும் "இது வேண்டாம், விடுங்கள்" என்று இயந்திரம் மூலம் ரத்துச் செய்தி அனுப்புவது அவருடைய கடமை. எங்கள் விடயத்தில் தவறியது அதுதான். செய்தி போகாவிட்டால் தவணை முடியும்வரை காசு கிடக்கும்.

ஆகவே மூன்று விடயம். அட்டையைக் கொடுக்குமுன் "எவ்வளவு பிடிப்பீர்கள், எப்போது விடுவீர்கள்?" என்று கேளுங்கள். வேறு வழியில் காசு கொடுத்தால் ரத்துச் செய்த துண்டை வாங்குங்கள். எங்கள் ஊர் வியாபாரிகளே, இயந்திரம் சிக்கி இரண்டு தரம் போட்டால், முதலாவது ரத்தானதா என்று பாருங்கள்.

அந்தக் காசு ஒன்பதாம் நாள் தானாக விடுபட்டது. மருந்து அன்றே வாங்கியாயிற்று. ஆசிரியர் அறையில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அதற்கு யாரும் அட்டை கேட்கவில்லை.

பிரயோசனமாக இருந்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.