ஒழுகும் தோணியும் போடி மலைப் பிசினும்

இன்றைக்குப் பேசப்போவது பழைய பாய்மரக் கப்பல்களை எப்படி ரிப்பேர் பண்ணினாங்க என்பது பற்றி. ஆனால் கதை ஆரம்பிப்பது கடலே இல்லாத ஒரு ஊரில். என்னுடைய ஊர், போடிநாயக்கனூர். எங்க ஊரிலிருந்து தூத்துக்குடிக் கடல் சுமார் 200 கிலோமீட்டர். மேற்கே திரும்பினால் நேராக மலைதான். குரங்கணி, போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளம், ஏலக்காய்க் காடு. போடியில் யாரைக் கேட்டாலும் மேலே ஏதோ ஒரு தோட்டத்தோடு சம்பந்தம் இருக்கும். எங்க தாத்தாவுக்கும் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் அங்கே போயிருந்தேன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் தகரக் கூரையில், ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. தாத்தா ஒரு பழைய டப்பாவில் கறுப்புக் கண்ணாடித் துண்டு மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, அடுப்பில் வைத்து உருக்கினார். ஸ்டோர் முழுக்கக் கோயில் வாசனை. கிழிந்த வேட்டியைத் திரியாக முறுக்கி, அந்தக் குழம்பில் முக்கி, ஓட்டைகளில் அடைத்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தூத்துக்குடியில தோணிக்கு இதைத்தான்டா வைப்பாக. கடலையே நிப்பாட்டுது, மழை எம்மாத்திரம்?"

அவர் இளவயதில் லாரியோடு தூத்துக்குடிக்குப் போய் வந்தவர். நான் அப்போது அதற்கு மேலே கேட்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து, அவர் போன பிறகு, பெங்களூரில் ஒரு ராத்திரி டெப்லாய்மென்ட் முடியக் காத்திருந்தபோது அந்த வாசனை ஞாபகம் வந்தது. மலைக்கும் கப்பலுக்கும் என்னதான் சம்பந்தம் என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் தேடியது தப்பான திசையில். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தப்பிலும் நல்ல கதை இருக்கிறது.

மலையிலிருந்து கப்பலுக்கு என்ன போகும்? பாய்மரம் போகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் காட்டுப்புன்னை வகை ஒன்று உண்டு. நம்ம கடற்கரையில் வளைந்து நெளிந்து நிற்கும் புன்னைக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் நூறு அடிக்குமேல் கிளையே இல்லாத மாதிரி நேராக வளரும். ஆங்கிலேயர்கள் இதைப் 'பூன்' என்றார்கள். மலையாளத்தில் புன்ன, கன்னடத்தில் பொன்னெ. அந்தச் சொல் அவர்கள் காதில் அப்படி விழுந்திருக்கிறது. 'பூன் ஸ்பார்' என்றாலே பாய்மரத்துக்கான மரம் என்று அர்த்தம்.

நெப்போலியன் சண்டைக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு மரம் கிடைப்பது பெரிய தலைவலி. பால்டிக் கடல் பக்கத்திலிருந்து வரும் பாய்மரங்களை நம்பியிருந்தவர்கள், கண்ணை மலபார் பக்கம் திருப்பினார்கள். 1806-ல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபார், திருவிதாங்கூர் பகுதிக்கு வனக் காப்பாளராகப் போட்டார்கள். காப்பாளர் என்று பெயர்தானே தவிர, கப்பலுக்குத் தேக்கு சேகரிப்பதுதான் வேலை. உள்ளூர் வியாபாரிகளும் நிலக்காரர்களும் கொதித்துப்போனதில், 1823-ல் தாமஸ் மன்றோ காலத்தில் அந்தப் பதவியையே ரத்து செய்தார்கள். பிறகு 1856-ல் ஹியூ கிளெக்ஹார்ன் மதராஸ் மாகாணத்தின் வனக் காப்பாளர் ஆனார். அவர் 1861-ல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகள் பற்றிய புத்தகத்தில் பூன் மரமும் வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆஹா, எங்க மலை மரம் கப்பலேறியது என்று ஒரு எபிசோடே எழுதிவிட்டேன். அப்புறம் மேப்பை விரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. மேற்குச் சரிவில் வெட்டினால் ஆறு பெரியாறு பக்கம் போகிறது, கட்டையை மிதக்கவிட்டு அரபிக் கடலுக்குக் கொண்டுபோகலாம். கிழக்கே போடிப் பக்கம்? செங்குத்தான இறக்கம், அதற்குக் கீழே முழங்கால் தண்ணீர் ஓடும் கொட்டகுடி ஆறு. நூறு அடிக் கட்டையை இந்தப் பக்கம் இறக்கவே முடியாது. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். இந்தச் சரிவில் இறங்கியதெல்லாம் மனுஷன் தலையிலும் கழுதை முதுகிலும் ஏறக்கூடிய சரக்கு: ஏலக்காய், தேன், மெழுகு, அப்புறம் தாத்தா உருக்கிய அந்தக் கறுப்புத் துண்டு. குங்கிலியம்.

அந்த எபிசோடை டெலீட் செய்துவிட்டு, கேள்வியை மாற்றினேன். ஒரு பழைய கப்பல் எதனால் சாகிறது?

புயலில் பாய்மரம் முறிவது சினிமா. நிஜத்தில் நடப்பது வேறு. பாய்மரம் கப்பலின் மேல்தட்டில் நட்டு வைத்த கம்பம் இல்லை. மேல்தட்டில் ஒரு துளை வழியாக உள்ளே இறங்கி, அடியில் ஏராவின் மேலே பதித்த ஒரு கனமான கட்டையில் போய் உட்காரும். ஏரா என்றால் கப்பலின் முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடும் நீளக் கட்டை. பாய்மரத்தின் அடியில் கழுந்து செதுக்கியிருப்பார்கள், கட்டையில் அதற்கேற்ற குழி. மேலே துளையைச் சுற்றி ஆப்பு அடித்து இறுக்குவார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவார்கள். இந்தக் கயிறுகள் பாய்மரத்தைச் சாயாமல் பிடிப்பதோடு, கீழ்நோக்கியும் அழுத்துகின்றன. காற்று பலமாக அடிக்க அடிக்க, அடிக்கட்டை மேல் விழும் பாரம் கூடும்.

ரோமானியர்கள் இந்தக் குழிக்குள் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் 1962-ல் கண்டுபிடித்த ஒரு ரோமானியப் படகின் பாய்மரக் குழியில் டொமிஷியன் காலத்துக் காசு கிடைத்தது. அதிர்ஷ்ட தேவதை கையில் சுக்கானோடு நிற்கிற பக்கம் மேலே பார்த்தபடி இருந்தது. கப்பலில் எந்த இடம் கைவிட்டால் கதை முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, அந்த இடம் எப்படிக் கைவிடும்? மேல்தட்டுப் பலகைகளுக்கு இடையே ஒரு இணைப்பு விட்டுப்போகிறது. மழைத் தண்ணீர் இறங்குகிறது. கவனிங்க, கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீர் மரத்தை ஓரளவு காப்பாற்றும். பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. நல்ல தண்ணீர்தான் மரத்தை மக்க வைக்கும். அந்தக் காலத்தில் தினமும் மேல்தட்டைக் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவியதற்கு இதுவும் ஒரு காரணம். பலகையும் ஊறி உப்பி, இடுக்கு மூடிக்கொள்ளும்.

இறங்கிய மழைத் தண்ணீர் பாய்மரத்தின் மேலேயே வழிந்து, நேராக அந்தக் குழிக்குள் போய்த் தேங்கும். காற்றோட்டம் கிடையாது. கட்டை மெதுவாக மக்கும். பாரத்தில் பாய்மரம் அரை இஞ்சு கீழே இறங்கும். உடனே பக்கத்துக் கயிறுகள் தளரும். கயிறு தளர்ந்தால் பாய்மரம் ஆடும். ஆடினால் மேல்தட்டுத் துளையில் இருக்கும் ஆப்பு கழன்று இடைவெளி பெரிதாகும். இன்னும் தண்ணீர் இறங்கும். இதைப் பேப்பரில் வரைந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசலாக இன்ஃபினிட் லூப்! நாம் கயிற்றை இறுக்கினால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் இறுக்க இறுக்க மக்கிய கட்டை இன்னும் நசுங்கும். பிரச்சினை தெரிவது ஒரு இடத்தில், இருப்பது இன்னொரு இடத்தில். ப்ரொடக்ஷனில் பக் தேடியவர்களுக்கு இந்த வலி புரியும்.

இங்கிலாந்தின் 'விக்டரி', நெல்சனுடைய கப்பல், 1922-லிருந்து தண்ணீரை விட்டு மேலே உலர்துறையில் நிற்கிறது. கடலே தொடுவதில்லை, ஆனாலும் மழை விடவில்லை. மக்கிய பலகைகளை மாற்ற இப்போது வருடக்கணக்கில் வேலை நடக்கிறது. 2021-ல் நடுப் பாய்மரத்தையே கழற்றி இறக்கினார்கள்.

நம்ம ஆட்கள் இந்த லூப்பை உடைத்தது முதல் படியிலேயே. அதாவது ஒழுகலில். கடற்கரையில் இதற்குக் 'கலப்பத்து' என்று பெயர். தோணியைக் கரையேற்றி, பலகை இடுக்கில் இருக்கும் பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, பருத்தித் திரியை மழுங்கிய உளியால் உள்ளே தள்ளுவார்கள். கொட்டாப்புளியால் தட்டும் சத்தத்தை வைத்தே திரி இறுகிவிட்டதா என்று கண்டுபிடிப்பார்கள். மேலே, உருக்கிய குங்கிலியமும் எண்ணெயும். குங்கிலியம் மட்டும் போட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். எண்ணெய் கூடினால் வெயிலில் வழியும். பக்குவம் கை சொல்லும், அளவுக் கரண்டி சொல்லாது. அப்புறம் பலகைக்கு மேலே மீன் எண்ணெய் பூச்சு. இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும். கட்டை மக்கியே விட்டால்தான் பாய்மரத்தைத் தூக்கி, கழுந்தை வெட்டி, புதுக் கட்டை வைக்கிற பெரிய வேலை.

இந்தக் கப்பல்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஜான் எடி. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்தவர். சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் படகுகளைப் பற்றி 1834-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் நம்ம தோணியும் வருகிறது: சுமார் 70 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி ஆழம், தட்டையான அடி. அவருக்கு அந்த உருவத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை, பெட்டி மாதிரி இருக்கிறது என்கிற தொனிதான்.

அந்த மரியாதைக் குறைவுக்கு நூறு வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்தது. இலங்கையின் வடகரையில் வல்வெட்டித்துறை. அங்கே தமிழ்த் தச்சர்கள் வேப்ப மரத்தில் கட்டிய 'அன்னபூரணி' என்ற 89 அடிக் கப்பலை, வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சின்னப் பாய்மரப் படகில் ஏற்கனவே உலகத்தைச் சுற்றிவந்தவர். கப்பல் எது, கட்டுமரம் எது என்று தெரிந்த ஆள். மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயஸ் வழியாகப் போன அந்தக் கப்பல், 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. வேப்ப மரமும் திரி அடைத்த இடுக்கும் அட்லான்டிக்கைத் தாண்டியிருக்கின்றன.

இப்போது மறுபடி மலைக்கு வருகிறேன். என்னை உறுத்துகிற விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பாய்மரத்துக்கு ஃபைல் இருக்கிறது. எந்தக் காட்டில் வெட்டினார்கள், எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார் எல்லாம் இருக்கிறது. குங்கிலியத்துக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அதைச் சேகரித்தவர்கள் முதுவர், பளியர் மாதிரி மலைவாழ் மக்கள். வனத்துறைக் கணக்கில் அது 'சிறு வனப்பொருள்'. ஒரு கப்பலை முப்பது நாற்பது வருஷம் உயிரோடு வைத்திருந்த சரக்குக்கு 'சிறு' என்று பெயர்!

நம்ம இலக்கியத்தில் அதற்கு ஒரு இடம் உண்டு, ஆனால் கோயிலுக்குள். திருக்கடையூரில் மனைவியின் தாலியை விற்று குங்கிலியம் வாங்கிப் புகை போட்டாரே, குங்கிலியக் கலய நாயனார், அவருக்கே அதுதான் பெயர். கப்பலில் அடைத்தவருக்கு ஒரு பெயரும் இல்லை.

கருங்குங்கிலிய மரம் எங்க ஏலத்தோட்டத்திலும் ஒன்று இருக்கிறது. ஏலம் நிழலில் வளரும் பயிர். அதனால் பழைய தோட்டங்களில் காட்டு மரங்களை அப்படியே விட்டுவிட்டுக் கீழே செடி வைத்தார்கள். எங்க மரத்தின் அடியில், ஆள் உயரத்துக்குக் கரிந்த தழும்பு. பட்டையில் வெட்டுப்போட்டு, அடியில் நெருப்பு மூட்டினால் பிசின் நிறைய வடியும். மரத்துக்கு அது நல்லதில்லை. தாத்தாவுக்கு முன்னாலேயே யாரோ செய்த வேலை அது.

இப்போது எங்க பக்கத்தில் எல்லாரும் ஞள்ளானி ரகம்தான் வைக்கிறார்கள். இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். விளைச்சல் அள்ளும், ஆனால் வெளிச்சம் அதிகம் கேட்கும். அப்பா போன வருஷம் போனில் சொன்னார்: "அந்தக் குங்கிலிய மரம் நாலு செண்டு இடத்தை இருட்டாக்குதுப்பா. அடியும் பொக்கையாட்டம் இருக்கு. எடுத்துரலாமான்னு பாக்குறேன்." நான் பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு 'வேண்டாம்ப்பா' என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. ஏல விலை இறங்கின வருஷம் வட்டி கட்டுவது நான் இல்லை. ஒரு மணி நேரம் பேசி, கிளையை மட்டும் இறக்குவது என்று முடிவானது. இந்த வருஷத்துக்கு.

பொங்கலுக்குப் போனபோது தழும்பின் ஓரத்தில் தானாக வடிந்து காய்ந்திருந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, அங்கிருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். பழைய துறைமுகத்தில் இன்னும் மரத்தோணிகளைப் பார்க்கலாம், எல்லாம் இன்ஜின் வைத்தவை. அங்கே தோணி வேலை செய்யும் ஒரு வயதான மேஸ்திரியிடம் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒரு துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். தீக்குச்சி கொளுத்தி ஓரத்தைச் சுட்டார். முகர்ந்தார். இடுப்பிலிருந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"கடையில வாங்குனா பாதி மண்ணும் பட்டையும்தான் தம்பி இருக்கும். இது சுத்தமா இருக்கு. எத்தனை கிலோ தருவீக?"

என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடி.