தாய்ப்பால் நிறுத்தின பிறகு மார்பகத்துக்கு ஃபேட் டிரான்ஸ்பர் சர்ஜரி... எப்போ பண்ணலாம், என்ன பரிசோதனை வேணும்? முழு விவரம்!

குழந்தை பிறந்து, பால் கொடுத்து நிறுத்திய பிறகு மார்பகம் முன்பு போல் இல்லையே என்ற கவலை பல தாய்மார்களுக்கு உண்டு. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் செல்போனில் தேடுபவர்கள்தான் அதிகம். அப்படித் தேடும்போது அடிக்கடி கண்ணில் படுவது 'உங்க கொழுப்பையே எடுத்து வைக்கிறோம், இம்ப்ளான்ட் வேண்டாம்' என்ற விளம்பரம்தான்.

அந்த சிகிச்சையின் பெயர் ஃபேட் டிரான்ஸ்பர், அதாவது கொழுப்பு மாற்று சிகிச்சை. இதில் ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பு உடம்பைத் தயார் செய்யத்தான் மாதக்கணக்கில் ஆகும். கடலூர், சிதம்பரம் பகுதியில் இருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சென்று இந்த சிகிச்சை எடுக்க நினைப்பவர்கள் கிளம்புவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

ஃபேட் டிரான்ஸ்பர்னா என்ன?

வயிறு, தொடை, இடுப்பு போன்ற இடங்களில் இருந்து லைப்போசக்‌ஷன் முறையில் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள். அதில் இருக்கும் ரத்தம், எண்ணெய் போன்றவற்றைப் பிரித்துவிட்டு, சுத்தமான கொழுப்பை மெல்லிய குழாய் ஊசி மூலம் மார்பகத்தில் துளித்துளியாகச் செலுத்துவார்கள்.

துளித்துளியாக ஏன்? செலுத்தப்படும் கொழுப்பு செல்லுக்கு உடனடியாக ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுவில் இருந்து புதிய ரத்த நாளங்கள் வளர்ந்து வந்தால்தான் அது பிழைக்கும். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டினால் நடுவில் இருக்கும் கொழுப்பு செத்துப்போய் கட்டியாகிவிடும்.

அதனால்தான் செலுத்திய கொழுப்பு முழுவதும் நிற்காது. பொதுவாக 50 முதல் 70 சதவீதம் வரை நிற்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். உதாரணத்துக்கு, ஒரு பக்கம் 300 மி.லி. செலுத்தி 60 சதவீதம் நின்றால் கடைசியில் மிஞ்சுவது 180 மி.லி.தான். பிரா அளவில் சொன்னால் அரை கப் முதல் ஒரு கப் வரை கூடலாம். இறுதி வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும்.

பால் கொடுத்ததாலதான் தொங்கிப்போச்சா?

இல்லை. ஊரில் பலர் நம்பும் தவறான கருத்து இது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கர் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் எடை, முன்பிருந்த மார்பக அளவு, புகைப்பழக்கம் ஆகியவைதான் மார்பகத் தளர்வுக்குக் காரணமாகத் தெரியவந்தன. தாய்ப்பால் கொடுத்தது காரணமாகத் தெரியவில்லை.

கர்ப்ப காலத்திலேயே பால் சுரப்பிகள் பெருத்து தோல் விரிந்துவிடுகிறது. பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த மாற்றம் நடக்கும். எனவே சர்ஜரிக்காகவோ அழகுக்காகவோ தாய்ப்பாலை சீக்கிரம் நிறுத்துவதில் அர்த்தமே இல்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவுடன் 2 வயது வரை அல்லது அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

எத்தனை மாசம் காத்திருக்கணும்?

கடைசியாகப் பால் கொடுத்த நாளில் இருந்து குறைந்தது 6 மாதம் என்பது பல மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. காரணங்கள் இவை:

• பால் நிறுத்தினாலும் சுரப்பிகள் சுருங்கி பழைய நிலைக்கு வர சில மாதங்கள் ஆகும். அதற்குள் அளவு தானாகவே மாறும்.

• பால் தேங்கியிருக்கும்போது ஆபரேஷன் செய்தால் தொற்று, சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம்.

• பால் சுரக்கும் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் ஸ்கேனில் சின்னக் கட்டி இருந்தாலும் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

• உடல் எடையும் 3 முதல் 6 மாதம் வரை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும். மாற்றி வைத்த கொழுப்பும் உடம்பின் மற்ற கொழுப்பு போலத்தான். எடை குறைந்தால் அதுவும் சேர்ந்து குறையும்.

அடுத்த குழந்தை திட்டம் இருந்தால் அது முடியும்வரை தள்ளிப்போடுவது நல்லது. கொழுப்பை சுரப்பிக்குள் செலுத்தாமல் அதைச் சுற்றியுள்ள பகுதியில் செலுத்துவதால், பின்னாளில் பால் கொடுப்பதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் அடுத்த கர்ப்பத்தில் வடிவம் மறுபடியும் மாறும், செலவு செய்த பணம் வீணாகும்.

முதல்ல செய்ய வேண்டிய பரிசோதனைகள்

இதில்தான் அலட்சியம் கூடவே கூடாது. மாற்றி வைத்த கொழுப்பில் ஒரு பகுதி செத்துப்போனால் அங்கே எண்ணெய்க் கட்டியோ சுண்ணாம்புப் படிவோ உருவாகலாம். பிற்காலத்தில் மேமோகிராம் எடுக்கும்போது இது புற்றுநோயா, பழைய கொழுப்பா என்ற குழப்பம் வரும். இந்தக் காரணத்துக்காகவே 1987-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கக் குழு ஒன்று, மார்பகத்துக்கு இந்த முறையே வேண்டாம் என்றது. ஸ்கேன் தொழில்நுட்பம் வளர்ந்து புதிய ஆய்வுகளும் வந்தபின், 2009-ல்தான் அந்த நிலைப்பாடு தளர்ந்தது.

எனவே ஆபரேஷனுக்கு முன்பே மார்பகம் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

• மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராமும் சேர்த்து.

• அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பகப் புற்றுநோயோ கருப்பைப் பக்கத்து சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

• ஹீமோகுளோபின். தேசிய குடும்ப நல ஆய்வு 5-ன்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவம் ஆனவர்கள் இதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும்.

• சர்க்கரை, தைராய்டு, ரத்தம் உறையும் நேரம், இ.சி.ஜி., கர்ப்பப் பரிசோதனை.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்த சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடலாம். ஸ்கேன் ரிப்போர்ட், படம், சி.டி. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரப்படுத்துங்க. 10 வருஷம் கழிச்சும் அது தேவைப்படும்.

யாருக்கு இது சரிப்படாது?

• மார்பகம் நன்றாகத் தொங்கியிருப்பவர்களுக்கு. கொழுப்பு மாற்று சிகிச்சை கொஞ்சம் நிரப்பும், தூக்கி நிறுத்தாது. அதற்கு 'லிஃப்ட்' என்ற வேறு ஆபரேஷன் இருக்கிறது.

• மிகவும் ஒல்லியாக இருப்பவர்களுக்கு. எடுப்பதற்கே கொழுப்பு இருக்காது.

• ஏற்கனவே கட்டி இருந்து, அது என்னவென்று உறுதியாகாதவர்களுக்கு.

• கணவரோ உறவினர்களோ சொன்னதற்காக மட்டும் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு. பிரசவத்துக்குப் பின் காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, தன் உடம்பு மேலேயே வெறுப்பு இருந்தால் முதலில் தேவைப்படுவது மனநல ஆலோசனை. டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம்.

ஆபரேஷனுக்கு முன் 6 வாரம்

புகையிலை எந்த வடிவிலும் கூடாது. வாயில் அடக்கும் புகையிலையும் இதில் அடக்கம். நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்கி, வைத்த கொழுப்பைச் சாகடித்துவிடும். ஆஸ்பிரின், வலி மாத்திரை, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, வைட்டமின் என எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் பட்டியல் கொடுக்க வேண்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

வீட்டு ஏற்பாடும் முக்கியம். ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் 4 முதல் 6 வாரம் கனமான எதையும் தூக்க முடியாது. தண்ணீர்க் குடம், மாவு கிரைண்டர் மட்டுமல்ல, 10 கிலோ எடையுள்ள குழந்தையும் கனம்தான். குழந்தையைத் தூக்க, குளிப்பாட்ட, இரவில் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ உடன் இருப்பார்களா என்பதை தேதி குறிப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். குப்புறப் படுக்கவும் கூடாது.

பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிதம்பரத்தில் இருந்து சென்னை 200 கி.மீ.க்கு மேல். ஆபரேஷன் முடிந்த மறுநாளே பஸ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தக் கட்டி உருவாகும் ஆபத்து உண்டு. சில நாள் அங்கேயே தங்க இடம் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. கடலூரில் இருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் உள்ள புதுச்சேரியின் ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

செலவும் அரசு உதவியும்

அழகுக்காக மட்டும் செய்யும் சர்ஜரிக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சைக்கும்தான் விதிவிலக்கு. மற்ற சிகிச்சைகளுக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குக் கிடையாது. எனவே வரி, மயக்க மருந்து, ஸ்கேன், இறுக்க உடை எல்லாம் சேர்த்து எழுத்துப்பூர்வமாகக் கணக்கு கேட்க வேண்டும். இரண்டாவது முறை செய்ய வேண்டி வந்தால் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கோங்க.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அளவைக் கூட்டவும் குறைக்கவும் இலவச சிகிச்சை தொடங்கப்பட்டது நினைவிருக்கலாம். ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக்கூடாது, இல்லையென்றால் கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ போவார்கள் என்பது அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கரின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைகள் இருக்க இதற்கு அரசுப் பணமா என்ற விமர்சனமும் எழுந்தது. அரசு மருத்துவமனையில் கேட்கவே கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல இது என்பதை அந்த அறிவிப்பு உணர்த்தியது. இப்போதைய நிலையை அங்குள்ள பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளிகள் பிரிவில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்விகள்

1. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா? பதிவு எண்ணை தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

2. மயக்க மருந்து நிபுணரும் அவசர சிகிச்சை வசதியும் உண்டா?

3. எனக்கு எவ்வளவு நிற்கும், நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

4. என் போட்டோவை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டீர்கள் அல்லவா?

பியூட்டி பார்லரில் ஊசி போட்டு மார்பகத்தைப் பெரிதாக்குவதாகச் சொன்னால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். முகத்துக்குப் போடும் ஃபில்லர் ஊசியை மார்பகத்துக்குப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதிக்கவில்லை.

சர்ஜரிக்குப் பிறகு எப்போ உடனே ஓடணும்?

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்குவது, சீழ், காலில் வீக்கத்துடன் வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இதில் எது வந்தாலும் காத்திருக்கக்கூடாது, 108-க்கு அழைக்கலாம். பல மாதம் கழித்துப் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், 'அது வச்ச கொழுப்புதான்' என்று நீங்களே முடிவு செய்துவிடக்கூடாது. பழைய ஸ்கேன் ஃபைலோடு மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

குறிப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவை மருத்துவரை நேரில் சந்தித்த பிறகே எடுக்கவும்.