உணவுப் பதிவுச் செயலி

உணவுப் பதிவுச் செயலி என்பது ஒருவர் அன்றாடம் உண்பவற்றைப் பதிந்து, கலோரியையும் சத்துகளையும் கணக்கிட்டு, உணவுப் பழக்கத்தைச் சீராக்க உதவும் கைபேசி மென்பொருள்.

உணவின் பெயரைத் தேடுதல், பொட்டலத்தின் பட்டைக்குறியீட்டை வருடுதல், ஒளிப்படத்தால் இனங்காணல் ஆகியன பதியும் முறைகள். 'இட்லி 2, சாம்பார் 1 கிண்ணம்' எனப் பதிந்தால், சத்துத் தரவுத்தளத்தின்படி மாவுச்சத்து, புரதம், கொழுப்பு கணக்கிடப்பட்டு அன்றைய இலக்குடன் ஒப்பிடப்படும்.

அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய மைஃபிட்னஸ்பால் முன்னோடிகளுள் ஒன்று. பெங்களூரில் 2012இல் ஹெல்திஃபைமி தொடங்கியது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019இல் 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' செயலியை வெளியிட்டது.

தாளிக்கும் எண்ணெயும் பரிமாறும் அளவும் வீட்டுக்கு வீடு மாறுவதால் கணக்கு தோராயமானதே. எனினும் நீரிழிவு, உடல்பருமன் மேலாண்மையில் இச்செயலிகள் பயன்படுகின்றன. உண்ணல் கோளாறு உள்ளோர் மருத்துவ ஆலோசனையுடனேயே பயன்படுத்த வேண்டும்.