முடிச்சில்லாத கட்டு

சிமெண்ட் ஆலைக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் ஒருவரின் பைக்குள் இருப்பது எவர்சில்வர் டப்பா. மூடியை அழுத்தி, இருபுறமும் கொக்கியை மாட்டியிருப்பார்கள். கயிறு இல்லை, துணி இல்லை, முடிச்சு என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆயினும் அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் கிழக்கு வெளுக்கும் வேளையில் எழும் கேள்வி, "சோறு கட்டியாச்சா?" என்பதுதான். போட்டு, அமுக்கி, மூடுகிற வேலைக்கு எதற்காகக் 'கட்டு' என்னும் வினை? கட்டுவதற்கு ஒன்றும் இல்லாது போன பிறகும் இடத்தை விட்டு நகராமல் நிற்கிற இந்த வினையைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிப் போனால், சொல்லாசை உள்ளவர்களுக்கு நல்ல வேட்டை காத்திருக்கிறது. இந்த வட்டாரத்துக்குச் சொல்லாசை புதிதும் அன்று. கொள்ளிடக் கரையோரத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழுக்குத் தொண்டு செய்த வீரமாமுனிவர்தாம் 1732இல் சதுரகராதியை முடித்தவர், உ.வே.சாமிநாதையர் இளமையில் தமிழ் படித்த ஊர்களுள் அரியலூரும் குன்னமும் உண்டு.

முதலில் கட்டுச்சோறு என்னும் தொகையைப் பிரிப்போம். இதில் நிலைமொழி வினையா, பெயரா? வினையாயின், சுடுசோறு, ஊறுகாய் என்பன போல வல்லெழுத்து மிகாமல் 'கட்டுசோறு' என்றே நின்றிருக்க வேண்டும். நடுவில் ஒரு சகரமெய் வந்து இறுக்குவதால் இது வினைத்தொகை அன்று; கட்டு என்பது இங்கே மூட்டையைக் குறிக்கும் பெயர், அதாவது கட்டாகிய சோறு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அந்த மெய் இல்லாவிட்டால் சகரம் காற்றாய்க் கசிகிறது, இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் முட்டி நின்று, துணியின் இரண்டு முனைகளை இழுத்து முடிவது போலவே இறுகுகிறது. கல்யாணம் முடிந்து புறப்படும் சம்பந்தி வீட்டாருக்கு அந்தணர் வீடுகளில் கொடுக்கும் 'கட்டுசாதக் கூடை'யில் அந்த மெய் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. முடிச்சு கொஞ்சம் தளர்ந்த சொல் அது.

வருமொழியாகிய சோறும் எளிதில் விட்டுப் போகக் கூடியதன்று. வெந்த அரிசிக்கு மட்டுமன்றி, கற்றாழைக்குள் இருக்கும் குழைந்த சதைக்கும் சோறு என்றே பெயர், சோற்றுக்கற்றாழை என்கிறோமே. தோலுக்குள் இருக்கும் மென்மையான உள்ளீடு சோறு. அதற்கு வெளியே ஒரு தோலைக் கொடுப்பது கட்டு. பிரசாதத்தின் தலை தேய்ந்து பிறந்தது என்று சொல்லப்படும் சாதம், ஓட்டல் பலகைகளில் ஏறி அமர்ந்து நாகரிகச் சொல்லாகிவிட்டது. ஆனால் வயலிலும் ஆலையிலும் பசித்தவர் கேட்பது சோற்றைத்தான்.

இந்தச் சோறு டப்பாவுக்குள் போவதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையைப் பார்க்க வேண்டும். உட்புறம் வரிவரியாக இருக்கும் அரிக்கன்சட்டியில் அரிசியையும் நீரையும் இட்டு, சட்டியைச் சாய்த்துச் சாய்த்து அலசினால், அரிசி நீரோடு நழுவிப் போகும், கல் வரியில் தங்கிவிடும். இதற்கு அரித்தல் என்று பெயர். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன ஒரு மாவட்டத்தில் கல் அரிக்கிற சட்டியைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு. ஊர்ப்பெயரும் இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. திருமால் குடிகொண்ட ஊர் என்னும் பொருளில் அரி, இல், ஊர் என்று பிரிப்பது ஊர்வழக்கு. சங்க நூல்களில் அரியல் என்றால் அரித்தெடுத்த கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இது இடமில்லை. திருமாலும் கள்ளும் அரிசியும் அரிக்கன்சட்டியும் ஓரொலிக்குள் நெருங்கி உட்கார்ந்திருப்பதை ரசித்துவிட்டுப் போகலாம்.

கட்டுச்சோற்றுக்கு முந்திய பெயர்கள் இன்னும் அழகானவை. பழமொழி நானூற்றில் வரும் சொல் ஆற்றுணா. ஆறு என்றால் வழி. வழியில் உண்ணும் உணா ஆற்றுணா. கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடே ஆதலால் அவன் அதைச் சுமந்து திரிய வேண்டியதில்லை என்பது அந்தப் பாட்டின் கருத்து. ஆற்றுப்படையில் வரும் ஆறும் இதே ஆறுதான். இன்றைய காதுக்கு ஆற்றுணா என்றதும் நீரோடும் ஆறு நினைவுக்கு வந்தால் அதிலும் குற்றமில்லை. ஆடிப்பெருக்கன்று புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரைக்குப் போகிறவர்கள் அந்தப் பிழையான பொருளையும் மெய்யாக்கிவிடுகிறார்கள்.

நாலடியார் வேறொரு சொல்லை எடுக்கிறது: தோட்கோப்பு. தோளில் கோத்துத் தொங்கவிட்ட உணவு மூட்டை. கூற்றுவன் ஆள் பார்த்துத் திரிகிறான், அதனால் மறுமைப் பயணத்துக்கு வேண்டிய அறத்தைக் காலத்தோடு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கும் இடத்தில், அறத்துக்கு உருவகமாக நிற்பது இந்தத் தோட்கோப்பு. ஆற்றுணா என்பது உண்ணும் இடத்தைச் சொல்கிறது. தோட்கோப்பு சுமக்கும் உறுப்பைச் சொல்கிறது. கட்டுச்சோறு செய்த வேலையைச் சொல்கிறது. ஒரே மூட்டை, மூன்று பார்வை.

நான்காவதாக ஒன்று உண்டு: பொதிசோறு. பெரம்பலூரிலிருந்து தெற்கே மண்ணச்சநல்லூர்ப் பக்கம் இருக்கும் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து வந்த திருநாவுக்கரசர் பசியால் தளர்ந்தபோது, ஈசன் அந்தணர் வடிவில் பொதிசோற்றோடு வழியில் காத்திருந்தார் என்பது பெரியபுராணக் கதை. சீகாழிக்கு அருகே திருக்குருகாவூரில் சுந்தரருக்கும் அப்படியே கிடைத்தது. கோயில் வழக்கில் இந்த உணவுக்குக் கட்டமுது என்று பெயர். சோற்றை அமுதாக்கிய பிறகும் கட்டை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை பாருங்கள். பொதிசோற்றில் வல்லெழுத்து மிகவில்லை. ஆகவே இது வினைத்தொகை. நேற்றுப் பொதிந்த சோறு, இன்று பொதிகின்ற சோறு, நாளை பொதியும் சோறு மூன்றையும் காலம் காட்டாமல் அடக்கிக்கொண்ட தொகை. நாள்தோறும் விடியலில் அடுப்படியில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் அமையாது. மலையாளத்தார் இதையே பொதிச்சோறு என்று இறுக்கிச் சொல்லி இன்றும் வாழை இலையில் மடித்து விற்கிறார்கள். நாமோ பொதியைச் சோற்றிலிருந்து பிரித்து மாட்டின் முதுகிலும் கழுதையின் முதுகிலும் ஏற்றிவிட்டு, நல்ல எழுத்தைப் பாராட்டும்போது மட்டும் 'பொருள் பொதிந்த' என்று மீட்டுக்கொள்கிறோம்.

கட்டுவது எப்படி என்று தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. வாழை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். அடுப்புத் தணலில் ஒரு முறை காட்டி வாட்டினால் துணிபோல் வளையும், கரும்பச்சையாகி ஒரு மணமும் வரும். சோறு ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து, மதியத்துக்குள் ஊசிவிடும். புளிச்சோறானால் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டுப் பிசைந்து வைப்பார்கள். மேலே ஒரு துணி, எதிரெதிர் முனைகளைச் சேர்த்து இரண்டு முடிச்சு. இந்த முடிச்சுதான் பெயராயிற்று.

இந்தப் பெயர்கள் அத்தனையும் பயணத்தைச் சேர்ந்தவை. அன்றாட வேலையைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. நான் வந்து சேர விரும்பிய இடம் இது. வேலை என்பது வயலாக இருந்தபோது, உச்சி வேளையில் வீட்டிலிருந்து கலயத்தில் கஞ்சி வரும். தலையில் சும்மாடு வைத்துக் கொண்டு வருவார்கள். போர்த்துக்கீசியர் வாய்வழியே உலகமெல்லாம் போன அந்தக் கஞ்சியைக் கட்ட முடியாது. "கஞ்சி கொண்டு போ" என்பார்களே தவிர "கஞ்சி கட்டு" என்று யாரும் சொன்னதில்லை. கட்டுச்சோறு என்றால் வெளியூர்ப் பயணம், திருவிழா, சம்பந்தி வீடு. "கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?" என்னும் பழமொழி பாதி வழியில் மூட்டை தீர்ந்தவனுடைய கவலை. கட்டுச்சோற்றில் எலியை வைத்துக் கட்டியது போல என்பதும் அவிழ்க்கும் வரை தெரியாத வழித்துன்பம்தான். கொங்கு நாட்டில் கருவுற்ற மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் சடங்குக்குக் கட்டுச்சோறு என்றே பெயர். அதுவும் ஒரு பயணம்.

அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் ஓடத் தொடங்கியது. பின்னும் பல ஆலைகள் வந்தன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் விரிந்தன. 2007இல் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானதும் அலுவலகங்களும் வந்து சேர்ந்தன. திருச்சிக்கு ரயிலேறி வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களும் உண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு வழி வந்து விழுந்தது. வழி வந்ததும் வழியுணவின் வினை அடுப்படிக்குள் வந்து அன்றாட வினையாகிவிட்டது. நாள்தோறும் பயணம், ஆகவே நாள்தோறும் கட்டு. அந்தக் கட்டுச்சோற்றை உண்டு செய்யும் சிமெண்டோ கட்டடங்களுக்குப் போகிறது. ஒரே வேர், இரண்டு மூட்டை.

எதிர்த்திசையில் நடந்த சொல் ஒன்றும் உண்டு. சம்பளத்தைச் சம்பு, அளம் என்று பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்துச் சொல் என்று காட்டும் தமிழறிஞர் உண்டு. வடமொழி அகராதிகளைப் புரட்டினால் சம்பலம் என்பதற்கு வழிப்பயணத்துக்கான உணவு என்றே பொருள் போட்டிருக்கிறது. வேர் எதுவாயினும், ஆற்றுணாவும் சம்பளமும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவை. ஒன்று மாதக் கடைசிக் கூலியாக மாறிவிட்டது, மற்றொன்று அந்தக் கூலிக்காகத் தினமும் காலையில் கட்டப்படுகிறது.

கலங்களின் பெயர்களுக்கு வருவோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கையில் தொங்குவது தூக்கு. தூக்குச்சட்டி, தூக்குவாளி என்று நீட்டுவதும் உண்டு. தூக்கிப் போவதால் தூக்கு. நிறுத்துப் பார்ப்பதும் தூக்குதான், செய்யுளின் ஓசையைச் சீர்தூக்குவதும் தூக்குதான். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து திறக்கும்போது மூடியே கிண்ணமாகிறது. அதில் கத்தரிக்காய்க் குழம்பு ஒரு கரண்டி பக்கத்தவருக்குப் போகும். எவர்சில்வர் என்னும் சொல்லின் இரண்டு துண்டுகளும் ஆங்கிலம். ஆனால் ஆங்கிலேயனிடம் சொன்னால் விழிப்பான். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டித் தருவார்கள், டப்பா மாறிப் போகாமல் இருக்க.

டப்பா வடக்கிலிருந்து வந்தது, அதோடு விடலாம். 'டிபன்' அப்படி விடக் கூடியதன்று. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியில் 'டிஃபிங்' என்றால் சாப்பாட்டு வேளை அல்லாத வேளையில் தின்பதும் குடிப்பதும். இந்தியா வந்த வெள்ளைக்காரர்கள் அதையே நடுப்பகல் உணவுக்கு வைத்தார்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூலோடு சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ஆப்சன் ஜாப்சன் அகராதியில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. தமிழன் கைக்கு வந்ததும் அது இன்னொரு முறை புரண்டது: இட்டிலி, தோசை, பொங்கல், உப்புமா எல்லாம் டிபன், சோறு மட்டும் டிபன் அன்று. "டிபனா, சாப்பாடா?" என்று ஓட்டலில் கேட்கிறார்களே. அப்படியானால் டிபன் பாக்ஸ் என்பது எதை வைக்கக் கூடாதோ அதை வைப்பதற்கென்றே செய்த பாத்திரம் என்றாகிறது. இந்த முரணை மதியச் சோற்றோடு சேர்த்து நாம் தினமும் விழுங்குகிறோம், ஒருவருக்கும் விக்கவில்லை.

சப்பானியரின் பென்டோவைப் பற்றி இப்போது பேச்சு மிகுந்திருக்கிறது. அறை அறையாகத் தடுத்த பெட்டிகள் இங்கேயும் விற்கின்றன. வசதி என்று பொருள்படும் பழைய சீன வழக்கிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று விளக்குவார்கள். பெயரில் கட்டு இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டியை அவர்கள் சதுரத் துணியில் வைத்து முனைகளைச் சேர்த்து முடிகிறார்கள். அவர்களுக்கு முடிச்சு கையில் இருக்கிறது, நமக்குச் சொல்லில் இருக்கிறது.

வீடு கட்டுகிறோம், சேலை கட்டுகிறோம், பணம் கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம். பெண்ணைக் கட்டிக் கொடுப்பதும் சோற்றைக் கட்டிக் கொடுப்பதும் ஒரே வினைதான்; எந்தக் கட்டு என்று பக்கத்துச் சொல்தான் சொல்ல வேண்டும். கட்டுமரம் கடலேறி அயல்மொழிகளுக்குள் போய்விட்டது. தினமும் கடையில் சாப்பிட்டால் கட்டுபடியாகாது என்கிறவர் சோறு கட்டுகிறார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயில் "லஞ்ச் பேக் பண்ணு" என்பது வந்துவிட்டது. "சோறு பேக் பண்ணு" என்று மட்டும் என் காதில் இதுவரை விழவில்லை. லஞ்ச் என்று தொடங்கினால் வினையும் அங்கிருந்தே வந்துவிடுகிறது. சோறு என்று தொடங்கியவர் கட்டு என்றுதான் முடிக்கிறார். இதற்கு விலக்கு பார்சல். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்து ஓட்டலில், அலுமினியத் தாள் டப்பாவில் அடைத்துப் பையில் போட்டுத் தருகிற கடையிலும், "அண்ணே, ரெண்டு தயிர்ச்சாதம் பார்சல் கட்டுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கல்லாவில் இருப்பவரும் உள்ளே திரும்பி, "ரெண்டு தயிர் கட்டு" என்று குரல் கொடுக்கிறார்.