நாலு நீளத்திலேயே மூச்சு வாங்குதா? நெடுந்தூரம் நீந்தப் பழகுவது எப்படி?

கெலாங் பாத்தா பக்கம் இருப்பவர்கள் துவாஸுக்குப் போகும் இரண்டாவது இணைப்புப் பாலத்தை ஒருமுறையாவது கடந்திருப்பீர்கள். 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் வண்டியில் இரண்டே நிமிடம்.

அதே தூரத்தை நீச்சல் குளத்தில் கடக்க எவ்வளவு நீந்தணும்? குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதை ஒரு நீளம் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் குளத்தில் 38 நீளம். அடுக்குமாடி வீட்டின் 25 மீட்டர் குளம் என்றால் 76.

"நாலு நீளத்துக்கே மூச்சு முட்டுது, இதில் 38ஆ?" என்று தோன்றலாம். பெரும்பாலும் குறை உங்கள் உடம்பில் இல்லை. தொடங்கும் வேகத்தில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் களைத்துப் போகிறோம்?

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் கூடக் கூட அது நம்மைப் பின்னுக்கு இழுக்கும் விசையும் பலமடங்கு கூடும். வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால், தேவைப்படும் உழைப்பு ஏறக்குறைய 33 விழுக்காடு கூடிவிடும். முதல் 50 மீட்டரில் காட்டும் அவசரத்துக்கு, அடுத்த 100 மீட்டரில் வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டிவரும்.

இன்னொரு காரணம் மூச்சு. பலர் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பும் அந்தச் சிறு நேரத்தில் மூச்சை வெளியே விட்டு, மறுபடி உள்ளே இழுக்க நேரம் போதாது. கரியமில வாயு உடலில் தேங்குகிறது. மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது உள்ளே இழுத்தால் மட்டும் போதும்.

சாதனையாளர்கள் எப்படி நீந்துகிறார்கள்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லெ 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தார். அதே குளத்தில் அமெரிக்காவின் பாபி ஃபின்க் 1,500 மீட்டரில் சாதனை படைத்தார். அவருடைய நேரம் 14 நிமிடம் 30.67 விநாடி. அதாவது, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சராசரியாக 58 விநாடி. தூரம் கூடினால் உலகின் சிறந்த வீரர்களும் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள்.

நம்மவர் ஒருவரையும் பாருங்கள். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி. நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 5 நிமிடம். நிதானமாக நடப்பவர்கூட அவரை முந்திவிடுவார். ஆனால் அவர் நிற்கவில்லை.

உங்கள் வேகம் எது?

ஒரு சின்னச் சோதனை போதும். உடலைத் தயார்படுத்திய பிறகு 400 மீட்டரை உங்களால் முடிந்த அளவு சீராக நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓய்வெடுத்தபின் 200 மீட்டர் நீந்துங்கள். முதல் நேரத்திலிருந்து இரண்டாவது நேரத்தைக் கழித்து, இரண்டால் வகுங்கள்.

எடுத்துக்காட்டாக, 400 மீட்டருக்கு 10 நிமிடம் 40 விநாடி, 200 மீட்டருக்கு 5 நிமிடம் என்றால், வித்தியாசம் 5 நிமிடம் 40 விநாடி. அதில் பாதி 2 நிமிடம் 50 விநாடி. 100 மீட்டருக்கு ஓரளவு நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உங்கள் வேகம் அது. 400 மீட்டர் இப்போதைக்கு முடியாதா? பரவாயில்லை. கீழே உள்ள பயிற்சியை முடித்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

வாரம் மூன்று நாள்: இப்படித் தொடங்கலாம்

1, 2ஆம் வாரம்: 50 மீட்டர், 8 முறை. இடையில் 30 விநாடி ஓய்வு.
3, 4ஆம் வாரம்: 100 மீட்டர், 6 முறை. 30 விநாடி ஓய்வு.
5, 6ஆம் வாரம்: 200 மீட்டர், 5 முறை. 30 விநாடி ஓய்வு.
7, 8ஆம் வாரம்: 400 மீட்டர், 3 முறை. 45 விநாடி ஓய்வு.
9ஆம் வாரம்: 400 மீட்டர், 4 முறை. 20 விநாடி ஓய்வு.
10ஆம் வாரம்: நிற்காமல் 38 நீளம் முயன்று பாருங்கள்.

உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். அவசரம் வேண்டாம்.

ஒரே ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: கடைசி முறைக்கு எடுக்கும் நேரம், முதல் முறைக்கு எடுத்த நேரத்தை ஒட்டியே இருக்கணும். கடைசியில் நேரம் இழுத்துக்கொண்டே போனால், தொடக்கத்தில் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம் மறக்கக்கூடாது

பாலத்தின் தூரத்தைக் குளத்தில் மட்டும் நீந்துங்கள். ஜொகூர் நீரிணையில் நீரோட்டமும் படகுப் போக்குவரத்தும் உண்டு. அது நாட்டு எல்லையும்கூட. உயிர்காப்பாளர் இருக்கும் குளமாகப் பார்த்துப் போங்கள். தனியாக நீந்தாதீர்கள்.

யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்ற போட்டி வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். நன்றாக நீந்துபவர்களும் அப்படி இறந்திருக்கிறார்கள். இதய நோய், ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

51 மணி நேரம் நீந்திய ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். எவ்வளவு தாக்குப்பிடிக்கும் உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே கரையேறுங்கள். மிச்ச நீளத்தை இன்னொரு நாள் நீந்திக்கொள்ளலாம்.

அடுத்த முறை குளத்தில் இறங்கும்போது, முதல் நீளத்திலேயே "இவ்வளவு மெதுவாகவா போறோம்?" என்று தோன்றினால் கவலைப்படாதீர்கள். சரியாகத்தான் தொடங்கியிருக்கிறீர்கள்.