முதிய பெண்களின் கண்ணியம்: வரலாறு தரும் படிப்பினை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதர, சகோதரிகளே! ஆணின் தாடி நரைத்தால் 'அனுபவசாலி' என்று போற்றும் நாம், பெண்ணின் தலை நரைத்தால் 'கிழவியாகி விட்டாள்' என்று கூறி ஒதுக்கி விடுகிறோம். சுருக்கத்தை மறைக்கும் களிம்புகளையும் நரையை ஒளிக்கும் சாயங்களையும் விற்போர், முதுமை ஒரு குற்றம் என்றே பெண்களை நம்ப வைக்கின்றனர். இந்தப் பார்வை நம் மார்க்கம் கற்றுத் தந்ததா? வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நபியவர்களை மணந்தபோது அவர்களின் வயது நாற்பது என்பதே பிரபலமான அறிவிப்பு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்த அந்த இல்லறத்தில், அவர்கள் உயிரோடிருந்தவரை நபியவர்கள் வேறு எவரையும் மணக்கவில்லை. அன்னையார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவர்களின் சகோதரி ஹாலா (ரலி) மதீனாவில் நபியவர்களின் இல்லத்திற்கு வந்து, உள்ளே வர அனுமதி கேட்டார்கள். அக்குரல் கதீஜா (ரலி) அனுமதி கேட்கும் விதத்தை நினைவூட்ட, நபியவர்கள் நெகிழ்ந்து போனார்கள். இளம் வயதினரான அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அது பொறுக்கவில்லை. பற்கள் விழுந்து ஈறுகள் சிவந்திருந்த ஒரு குறைஷி மூதாட்டியை இன்னும் ஏன் நினைக்கிறீர்கள், அவருக்குப் பகரமாக அல்லாஹ் சிறந்தவரைத் தந்து விட்டானே என்று கேட்டார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

நபியவர்கள் அளித்த பதிலை முஸ்னத் அஹ்மத் அறிவிக்கிறது. கதீஜாவை விடச் சிறந்தவரை அல்லாஹ் எனக்குத் தரவில்லை என்று கூறி, மக்கள் மறுத்தபோது அவர் நம்பியதையும், பொய்யரென்று பிறர் தூற்றியபோது உண்மைப்படுத்தியதையும், தம் செல்வத்தால் தாங்கியதையும் நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். தோற்றத்தைப் பற்றிய சொல்லுக்குத் தோற்றத்தைக் கொண்டு பதில் சொல்லவில்லை. ஈமானையும் தியாகத்தையும் கொண்டே பதில் சொன்னார்கள். இதை மறைக்காமல் உம்மத்துக்கு அறிவித்தவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களே என்பது அவர்களின் உயர்வுக்குச் சான்றாகும்.

அவர்களின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் முதுமையையும் பாருங்கள். ஹிஜ்ரி 73 (கி.பி. 692) இல் மக்காவில் அவர்களின் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) கொல்லப்பட்டு, உடல் தொங்க விடப்பட்டது. அப்போது அஸ்மா (ரலி) நூறு வயதை நெருங்கியிருந்தார்கள். தளபதி ஹஜ்ஜாஜ் ஆளனுப்பி அழைத்தும் அவர்கள் செல்லவில்லை. கூந்தலைப் பற்றி இழுத்து வரச் செய்வேன் என்று மிரட்டினான். அப்படி இழுப்பவனை அனுப்பு, அதுவரை வரமாட்டேன் என்று மறுத்து விட்டார்கள். இறுதியில் ஹஜ்ஜாஜே அவர்களிடம் வர வேண்டியதாயிற்று. நீ அவருடைய உலகைக் கெடுத்தாய், அவரோ உன் மறுமையைக் கெடுத்து விட்டார் என்று அவன் முகத்துக்கு நேரே கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிம் இதனைப் பதிவு செய்துள்ளது.

பிற்கால வரலாற்றில், முதுமையே ஒரு பெண்ணின் மதிப்பை உயர்த்திய ஒரு துறை இருந்தது. அதுதான் ஹதீஸ் கலை. அறிவிப்பாளர் தொடரில் இடையிலுள்ளவர்கள் எத்துணைக் குறைவோ அத்துணைச் சிறப்பு என்று அறிஞர்கள் கருதினர். எனவே சிறுவயதிலேயே முதுபெரும் ஆசிரியர்களிடம் இஜாஸா எனும் அனுமதி பெற்றுத் தொண்ணூறு வயது கடந்து வாழும் ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், அரிய செல்வமாகி விடுவார்.

டமாஸ்கஸின் ஸைனப் பின்த் அல்கமால் (ரஹ்) அத்தகையவர். ஹிஜ்ரி 646 இல் பிறந்து 740 (கி.பி. 1339) இல் மறைந்தார். சிறுவயதில் கண்நோயால் பாதிக்கப்பட்டவர். திருமணம் செய்து கொள்ளவில்லை. இன்றைய அழகு அளவுகோல் அவரை எங்கே வைத்திருக்கும்? ஆனால் மாணவர்கள் அவரைச் சூழ்ந்து, நாளின் பெரும்பகுதியும் அமர்ந்து பாடம் கேட்டனர். அவரும் சலிப்பின்றிப் பொறுமையோடு கற்பித்தார். கி.பி. 1326 இல் டமாஸ்கஸ் வந்த பயணி இப்னு பதூதாவும் அவரிடம் இஜாஸா பெற்றார். ஓர் ஒட்டகச் சுமை அளவு ஹதீஸ் ஏடுகளை அறிவிக்கும் அனுமதி அவர் ஒருவரிடமே எஞ்சியிருந்தது. அவர் மறைந்தபோது, அவற்றில் அறிஞர்களின் தொடர் ஒரு படி இறங்கிப் போயிற்று.

அதே நகரின் ஆயிஷா பின்த் அப்துல்ஹாதி (ரஹ்) அவர்களும் ஹிஜ்ரி 723 முதல் 816 வரை வாழ்ந்தார். குழந்தைப் பருவத்திலேயே முதுபெரும் அறிவிப்பாளர் அல்ஹஜ்ஜாரிடம் ஸஹீஹுல் புகாரியைச் செவியுற்றவர். புகாரிக்கு ஒப்பற்ற விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களே அந்த மூதாட்டியின் முன் மாணவராக அமர்ந்தார்கள்.

முஸ்லிம் உலகம் முழுவதும் எக்காலமும் இப்படியே இருந்தது என்று கூற இயலாது. அரசவைகளும் கவிஞர்களும் இளமையையே புகழ்ந்தனர். ஆனால் கல்விச் சபை வேறொரு அளவுகோலை வைத்திருந்தது. அந்த அளவுகோலைத்தான் நாம் தொலைத்து விட்டோம்.

அன்பானவர்களே! அலங்காரம் ஆகாதது என்று மார்க்கம் கூறவில்லை. மருதாணியால் நரைக்கு நிறமேற்றவும் அனுமதி உண்டு. ஆனால் நரையை அவமானமாக எண்ணுவது தவறு. முஸ்லிமின் நரை மறுமையில் ஒளியாகும் என்று நபிமொழி கூறுகிறது. அதில் ஆணென்றும் பெண்ணென்றும் பிரிவில்லை. ஆகவே, உங்களோடு வாழ்ந்து முதுமையடைந்த மனைவியை இளையவர்களோடு ஒப்பிட்டுக் கேலி செய்யாதீர்கள். வீட்டின் மூத்த தாயாரை விருந்து நாளில் உள்ளறையில் விட்டு விடாதீர்கள். பேரப்பிள்ளைகளை அவரருகில் அமர்த்தி, அவர் மனனம் செய்துள்ள சூராக்களையும் துஆக்களையும் கேட்கச் செய்யுங்கள். அவர் மறைந்தபின் அத்தொடரில் நீங்களும் ஒரு படி இறங்கி விடுவீர்கள்.

நம் இல்லங்களில் உள்ள முதிய அன்னையரைக் கண்ணியப்படுத்தி வாழும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.