உள்ளூர் ஜாமீன்

"யாருக்கும் ஜாமீன் கையெழுத்து போடாதே." எங்கள் பெண்ணாடம் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதிகளில் இதுவும் ஒன்று. வங்கிக் கடனுக்கும் கோர்ட்டுக்கும் சேர்த்தே சொல்வார்கள். இன்னொருவனுக்காகத் தன் நிலத்தைக் காட்டுபவன் ஏமாளி என்பது பொருள். அப்படி ஓர் ஏமாளி, சில சமயம் இரண்டு பேர், கிடைத்தால்தான் சிறைக்கதவு திறக்கும்.

தீர்ப்பு வரும்வரை ஒருவர் சட்டத்தின் கண்ணில் நிரபராதிதான். அதனால் பிணை மனுவில் முக்கியமான கேள்விகள் மூன்று. ஓடிவிடுவாரா? சாட்சியை மிரட்டுவாரா? ஆதாரத்தைக் கலைப்பாரா? குற்றச்சாட்டின் கடுமையும் கணக்கில் வரும். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பிணை கிடைத்த மறுநிமிடம் அதுதான் முதல் கேள்வி.

மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் ஒரு கொத்தனார். அவரைப் பிணையில் விடச் சொன்னதே உச்ச நீதிமன்றம்தான். நிபந்தனையை மட்டும் கீழ்க்கோர்ட்டிடம் விட்டது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். வழக்கு மறுபடி டெல்லிக்குப் போனது.

1978 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1948இல் வக்கீலாக இருந்தபோதே ஒரு மாதம் சிறையில் இருந்தவர், 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். பாஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம் போதும் என்று கொத்தனாரை விடச் சொன்னார்.

அடுத்த வருஷம் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில், குற்றம் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2005 சட்டத் திருத்தம் அதற்கு ஓர் எல்லை போட்டது. மரண தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்தவரைப் பொதுவாகப் பிணையில் விடவேண்டும். 2024 ஜூலையில் அமலான புதிய சட்டம் முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதை மூன்றில் ஒரு பங்காக்கியது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைச் சொன்னது. பிணை கிடைத்த தேதியைச் சிறை மென்பொருளில் ஏற்ற வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்ட உதவி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் படித்ததும் சந்தோஷம்தான். தேதியை எண்ணுவது கணினிக்கு ரொம்பச் சுலபம். ஆனால் கடைசி வழிமுறைக்கு வந்தபோது நின்றுவிட்டேன். உள்ளூர் ஜாமீன் கேட்பதால்தான் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்கிறது அது. மோதி ராம் தீர்ப்புக்கு அப்போது 44 வயது.

தீர்ப்பு சட்டமாகிவிடுகிறது, வழக்கம் மாறுவதில்லை. ஆள் ஓடிப்போனால் பிணை கொடுத்த மாஜிஸ்திரேட்டைத்தான் கேள்வி கேட்பார்கள். உள்ளே கிடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எந்தப் பக்கம் சாய்வது பத்திரம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெண்ணாடத்திலிருந்து கட்டட வேலைக்குக் கேரளா போகும் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு திருட்டு வழக்கில் பெயர் சேர்கிறது. பிணையும் கிடைக்கிறது. அவருக்காக நிலம் காட்டக்கூடிய மாமனோ மச்சானோ திட்டக்குடி தாலுகாவில்தான் இருப்பார்கள். அந்த நிலம் அங்குள்ள கோர்ட்டில் செல்லுமா செல்லாதா என்பதற்கு 1978லேயே பதில் எழுதிவிட்டார்கள். அதை அந்த மேஜையில் எடுத்து வைக்க ஒரு வக்கீல் வேண்டும்.